இருபத்திரண்டாம் அத்தியாயம்

நேசையன் அந்த நாவலைக் குப்புறப் படுத்துக்கொண்டுதான் கேட்டார். அதைக் கையால் தொடமாட்டேன் என்று குன்னத்துகால் சந்திப்பு முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதர், கடைசியில் தலையணையில் நெற்றியை ஊன்றி, தரையின் டைல்ஸைப் பார்த்தபடி, மனைவி வாசிக்க வாசிக்க அதை முழுவதும் கேட்டு முடித்தார். முழுவதும் என்றுதான் அவரும் நம்பியிருந்தார்.

'ரோசிலியுடெ ஜீப்பு' என்ற அந்த மலையாள நாவல் கண்ணில் படாமல் அந்த வருடம் ஒரு பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. நெய்யாற்றின்கரையிலிருந்து காலை ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் மடியில் அது இருந்தது. கல்யாண வீடுகளில் மிக்ஸிக்கும் குக்கருக்கும் நடுவே அதுவும் பரிசாக வந்தது. பாறசாலையில் ஒரு பேக்கரிக்காரன் தன் டெலிவரி வண்டியின் பின்னால் 'ரோசிலி' என்று எழுதி வைத்தான். யார் போனைத் திறந்தாலும் அட்டையில் உள்ள பச்சை ஜீப்புதான் ஸ்டேட்டஸில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகரே பிரசங்கத்தின் நடுவில் ரோசிலியை இழுத்துவிட்டார். அன்றைக்கு நேசையன் மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"லெட்சம் காப்பி வித்துதாம். லெட்சம் பேரு ஒருபோல கொள்ளாம், நல்லாருக்குண்ணு சொன்னா அதுல எங்கயோ கோளாறு உண்டு, பாத்துக்க," என்றார் சத்தியபாயிடம்.

"வாசிக்காம எப்பிடி சொல்லுதிய?"

"வாசிச்சுட்டுத்தான் சொல்லணும்ணா நான் எத்தனை குப்பைய வாசிக்கணும்?"

நேசையன் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை வாதி சொன்னதையும் பிரதிவாதி சொன்னதையும் கேட்டுக் கழித்தவர். மீதி நேரம் முழுக்கப் புத்தகம். தமிழ், மலையாளம் இரண்டிலும் கனமான நாவல்கள் என்று பெயர் வாங்கியவற்றைத் தேடிப்பிடித்து வாசிப்பார். ஊர் நூலகத்தில் மாதத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துப் பேசும் கூட்டத்தில் அவர் எழுந்தால் ஒரு பயம் கலந்த மரியாதை உண்டு. எல்லோரும் புகழ்ந்த புத்தகத்தைக் கால்மணி நேரத்தில் பிரித்து மேய்ந்துவிடுவார். ஆகவே நூலகர் ஷீனா, "சாறே, அடுத்த மாசம் ரோசிலியாக்கும். நீங்கதான் பேசணும்," என்று கேட்டபோது அவருக்கு உள்ளூர சந்தோஷம். வெட்டுவதற்கு இவ்வளவு பெரிய மரம் அதுவரை கிடைத்ததில்லை.

புத்தகத்தை மருமகள் சுமி பெங்களூரிலிருந்து வரும்போது கொண்டுவந்து வைத்திருந்தாள். அவர் அதைத் திறப்பதற்குள் வலது கண்ணில் ஒரு கறுப்புத் திரை இறங்கியது. விழித்திரை விலகிவிட்டது என்று நகரத்து ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறது, அது மேலே எழும்பி விழித்திரையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதனால் குப்புறத்தான் படுக்க வேண்டும், குனிந்துதான் இருக்க வேண்டும், மறு கண்ணாலும் இப்போதைக்கு வாசிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சும்மா கிடப்பது நேசையனுக்கு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. போனில் பாட்டு கேட்டார், செய்தி கேட்டார், பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். சத்தியபாய் சந்திப்பில் தையற்கடை வைத்திருந்தாள். மத்தியானம் வரைக்கும் கடையை உதவிக்கு இருக்கும் நீதுவிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். இரண்டாம் நாள் அவர் விட்ட பெருமூச்சைத் தாங்க முடியாமல், "அந்தப் புத்தகத்த நான் வாசிக்கட்டா? கூட்டத்துல பேசணும் இல்லியா?" என்றாள்.

"நீயா?"

"எனக்கென்ன வாசிக்கத் தெரியாதா?"

தெரியும். மலையாளம் பள்ளிக்கூடத்தில் படித்தது; சபையில் தமிழ் ஆராதனை நடக்கும் நாட்களில் வேத பாடம் வாசிப்பது அவள்தான். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தலையணையைச் சரிசெய்து, நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டில் போட்டுக்கொண்டு அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு அத்தியாயங்களில் நேசையன் மும்முரமாகக் குற்றம் பிடித்தார். மழை வருகிறது என்று சொல்ல இத்தனை உவமை எதற்கு? மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்குக் கல்யாணமாகி மூன்று பக்கத்துக்குள் கால் போய்விடுமா? சத்தியபாய் ஒன்றும் மிண்டாமல் வாசித்துக்கொண்டே போனாள்.

மூன்றாவது அத்தியாயத்தில் ரோசிலி முதன்முதலாக ஜீப்பைக் கிளப்புகிறாள். புருஷன் கால் போய்த் திண்டாடும்போது வண்டியை விற்க ஆள் வந்து நிற்கிறான். அவன் முன்னாலேயே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறாள். வண்டி முன்னால் போகாமல் பின்னால் உருண்டு, வாங்க வந்தவனின் ஸ்கூட்டரை ஒரு வாழைத் தோட்டத்துக்குள் தள்ளிவிடுகிறது. உள்ளே கட்டிலில் கிடக்கும் புருஷன், 'கிளச்சு! கிளச்சு!' என்று கத்துகிறான். அவளுக்குக் கிளச்சு எது என்றே தெரியாது. சத்தியபாய் அந்த 'கிளச்சு'வை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குரலில் வாசித்தாள். நேசையன் தலையணைக்குள்ளேயே சிரித்தார். கட்டில் குலுங்கியது.

"சிரிக்காதீங்க, கண்ணு கண்ணு!" என்று அவள் முதுகில் தட்டினாள்.

"செரி செரி. நீ வாசி."

அதன் பிறகு அவர் குற்றம் சொல்வது குறைந்தது. நான்கைந்து நாளில், அவள் புத்தகத்தை மூடி எழுந்தால், "இன்னொரு அத்தியாயம்," என்று கேட்க ஆரம்பித்தார். மீன் கழுவ வேண்டும் என்றாள். மீன் கிடக்கட்டும் என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

அவரைப் பிடித்து இழுத்தது கதை மட்டுமல்ல. அந்த எழுத்தாளர் ரோசிலியை ஒரு இடத்திலும் தியாகி ஆக்கவில்லை. அவளுக்குக் கோபம் வருகிறது, பொய் சொல்கிறாள், டிரிப்புக்குக் கூடுதல் வாங்குகிறாள், பயணிகளைப் பற்றி மோசமாக வம்பு பேசுகிறாள். புருஷனையும் கெட்டவன் ஆக்கவில்லை. தன் ஜீப்பை மனைவி ஓட்டுவதைக் கட்டிலில் கிடந்து காதால் பின்தொடர்கிறவன் அவன். எந்த வளைவில் எந்த கியர் என்று சத்தத்தை வைத்தே சொல்லி, அவள் வந்ததும் சண்டை பிடிப்பான். குப்புறக் கிடந்து மனைவியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த நேசையன் அந்தப் பாகத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். நல்லவேளை, முகம் தரையைப் பார்த்திருந்தது.

கடைசிப் பக்கம் முடிந்தது.

"சத்தியா, தப்புப் பண்ணிட்டேன். இது நல்ல புத்தகமாக்கும்."

"கொள்ளாம், இல்லியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள்.

கூட்டத்துக்குப் போக அவருக்கு அனுமதி கிடைத்தது, கறுப்புக் கண்ணாடியோடு. நூலகத்து ஹாலில் அன்றைக்கு நாற்காலி போதாமல் பக்கத்துப் பேக்கரியிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். நேசையன் ரோசிலியை வெட்டிப் போடுவதைப் பார்க்க வந்தவர்கள், அதைத் தடுக்க வந்தவர்கள் என்று இரண்டு கட்சியும் இருந்தது. சத்தியபாய் கடைசி வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நேசையன் எழுந்து, "நான் தோத்துட்டேன்," என்று தொடங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ரோசிலியின் பேச்சைப் பற்றி, அந்தப் புருஷனைப் பற்றி, மலை இறங்கும் வண்டியின் சத்தத்தை எழுத்தில் கொண்டுவந்த விதத்தைப் பற்றி மனசு நிறைந்து சொன்னார். பிறகு, "எல்லாத்துக்கும் மேல, இதுல ஒரு வரி கூடுதல் இல்ல. எங்கயும் இழுக்கல்ல. இப்பத்த எழுத்துக்காரங்க கதைக்கு நடுவுல அரசியல் பிரசங்கம் பண்ணுவாங்க. இதுல அதும் இல்ல. வள்ளிசா ஒரு சொப்பனம்கூட இல்ல, பாருங்க!" என்றார்.

ஹாலில் ஒரு சலசலப்பு எழுந்தது. நூலகத் தலைவர் மோகனன் தொண்டையைக் கனைத்தார். "சாறே, அந்தப் பஞ்சாயத்து எலக்ஷன் பாகம்? எண்பது பக்கம் உண்டல்லோ? நான் அத கடக்கவே ரெண்டு வாரம் எடுத்தேன்."

"எலக்ஷனா?"

"அந்தப் பாம்பு சொப்பனம்?" என்றாள் ஷீனா. "மூணு அத்தியாயத்துல வருமே, சாறே."

நேசையன் கண்ணாடியைச் சரிசெய்தார். ஒன்றும் புரியவில்லை. அப்போது மோகனனின் மனைவி அம்மிணி எழுந்தாள். "அது கிடக்கட்டும். இருபத்திரண்டாம் அத்தியாயத்தப் பற்றி ஏன் ஒண்ணும் சொல்லல்ல? நாங்க அதக் கேக்கத்தான் வந்தோம். நான் அத எத்தன தடவ வாசிச்சேன்னு எனக்கே தெரியாது." சுற்றிலும் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள்.

நேசையன் கடைசி வரிசையைப் பார்த்தார். சத்தியபாய் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் இருந்தவருக்கு ஒரு நொடியில் விஷயம் விளங்கியது. சமாளித்திருக்கலாம். ஆனால் பொய் சாட்சி சொல்ல அவருக்கு வராது.

"அந்த அத்தியாயம் என்னை வந்து சேரல்ல," என்றார். "எனக்கு வாசிச்சுத் தந்த ஆளு கொஞ்சம் வெட்டித் தச்சுத்தான் தந்திருக்குது போல."

ஹாலே சிரித்தது. தையற்காரியின் வேலை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சத்தியபாய் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தானும் சிரித்தாள்.

வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது அவர் கேட்டார்: "எலக்ஷன் எங்க போச்சு?"

"எனக்கு போர் அடிச்சு. உங்களுக்கும் அடிக்கும்ணு தாண்டிட்டேன். அந்தப் பாம்பும் அப்படித்தான். ஒரு வரிய வாசிச்சுப் பாப்பேன், சரியில்லண்ணா அடுத்த பக்கம்."

"எனக்குத் தெரியல்லியே!"

"குப்புறல்லா கிடந்திய."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை பக்கத்தை உருவிவிட்டு, தையல் தெரியாமல் சேர்த்து வாசித்திருக்கிறாள். ஒரு இடத்தில்கூட அவருக்குத் தட்டவில்லை. "செரி, இருபத்திரண்டும் போர்தானா?"

சத்தியபாய் வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல," என்றாள். பிறகு, "அத கண்ணு சரியான பெறவு நீங்களே வாசிங்க," என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆட்டோக்காரரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வாசிக்கலாம் என்று சொன்ன மறுநாள் காலை, சத்தியபாய் கடைக்குப் போன பின், நேசையன் புத்தகத்தை எடுத்து நேராக இருபத்திரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தார். எழுத்துகள் ஓரத்தில் கொஞ்சம் வளைந்தன. ஆனாலும் வாசிக்க முடிந்தது.

அதில் ஒன்றுமே நடக்கவில்லை. ஜீப்பை ஒர்க்ஷாப்பில் விடப் போகிறேன் என்று ரோசிலி வீட்டில் சொல்கிறாள். ஜீப்புக்கு ஒரு கேடும் இல்லை. டவுனில் அதை ஒரு மரத்தடியில் நிறுத்திப் பூட்டிவிட்டு, கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறாள். இத்தனை வருடம் ஊரையே ஏற்றி இறக்கியவளுக்கு இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்வது வினோதமாக இருக்கிறது. முதலில் ஒவ்வொரு வளைவிலும் அவள் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கால் அடங்குகிறது. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறாள். கடலைப் பார்க்கிறாள். கடலை வாங்கித் தின்கிறாள். யாரிடமும் பேசவில்லை, அழவில்லை, பழையதை நினைக்கவில்லை. இருட்டுவதற்குள் திரும்பி வந்து, ஜீப்பை எடுத்து வீட்டுக்குப் போகிறாள். 'கிளச்சு சரியாயிட்டா?' என்று புருஷன் கேட்கிறான். 'சரியாயிட்டு,' என்கிறாள். அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

நேசையன் அதை மறுபடியும் வாசித்தார். அந்தக் கால் அடங்கும் இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் பெற்ற எத்தனையோ எழுத்தாளர்களை வாசித்தவர். ஒரு மனுஷியின் களைப்பை ஒரு காலை மட்டும் வைத்து இப்படிச் சொன்ன பக்கம் ஒன்றை அவரால் நினைத்தெடுக்க முடியவில்லை. பிறகு எலக்ஷன் பாகத்தையும் பாம்புச் சொப்பனத்தையும் தேடி வாசித்தார். சத்தியபாய் தாண்டியதில் ஒரு தப்பும் இல்லை. எண்பது பக்கமும் போகலாம், பாம்பும் போகலாம். ஆனால் இந்த அத்தியாயம் இல்லாமல் அவர் புகழ்ந்த புத்தகம் நல்ல புத்தகம், அவ்வளவுதான். இதோடு சேர்ந்தால் அது வேறு ஒன்று. லட்சம் பேர் சும்மா வாங்கவில்லை.

மத்தியானம் சத்தியபாய் வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். கைகால் கழுவி, சோறு போட்டாள். சாப்பாட்டின் நடுவில் அவர்தான் தொடங்கினார்.

"வாசிச்சேன்."

"ம்."

"புத்தகத்துலயே அதாக்கும் நல்ல பாகம். நீ ஏன் விட்ட?"

அவள் மீன் முள்ளை ஓரமாக எடுத்து வைத்தாள். "அத வாசிச்சா எனக்க சத்தம் மாறிப்போகும். நீங்க கோர்ட்டுல இருந்த ஆளு. கண்டுபிடிச்சுருவிய."

"என்னத்த?"

"நானும் ஒருதடவ போயிருக்கேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மகன் ஜிஜின் காலேஜில் படித்துக்கொண்டிருந்த காலம். சபையின் பெண்கள் ஐக்கியத்தின் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். பாறசாலை ஸ்டேஷனில் கூட்டத்துக்குப் போகிறவர்கள் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு கொல்லத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தாள். அங்கே இறங்கி, பிளாட்பாரத்தில் டீ குடித்து ஒரு பருப்பு வடை தின்றாள். அடுத்து வந்த வண்டியில் திரும்பிவிட்டாள்.

"கொல்லத்துல என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"எனக்க மேல ஏதாவது கோவம் உண்டாயிருந்தா?"

"கோவம் இருந்தா வீட்டுல இருந்து சண்டை போட்டிருப்பேனே. சும்மா போனேன். யாருக்கும் அளவு எடுக்காண்டாம், யாருக்கும் சோறு வைக்காண்டாம், ஒரு நாள். சாயங்காலம் வந்தப்பம் நீங்க பேப்பர் வாசிச்சுட்டு இருந்திய. மீட்டிங் எப்படிண்ணு கேட்டிய. கொள்ளாம்ணு சொன்னேன்."

அவருக்கு எங்கோ சுருக்கென்றது. இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருந்து, ஒரே தட்டத்தில் மீனைப் பங்கிட்டு, இந்த ஒரு நாளைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. முகம் கண்டிராத ஒருத்தி எங்கோ உட்கார்ந்து அதை அப்படியே எழுதிவிட்டாள். அம்மிணியும் அதை ஏன் திரும்பத் திரும்ப வாசித்தாள் என்று இப்போது தோன்றியது. ஒவ்வொருத்திக்கும் ஒரு கொல்லம் இருந்திருக்கும், அல்லது போக நினைத்து ஏறாமல் விட்ட ஒரு வண்டி. சோற்றைப் பிசைந்தார். கேட்கத் தோன்றியவை நிறைய. அதில் ஒன்றைத்தான் கேட்டார்.

"ஜன்னல் சீட்டு கிடைச்சா?"

சத்தியபாய் நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை.

"போகும்போ கிடைச்சு," என்றாள். "வரும்போ பரவூர் வரைக்கும் நிண்ணேன்." பிறகு, யாரும் கேட்காமலேயே, பரவூர் காயல் மேல் வண்டி போகும்போது தண்ணீர் எப்படி இருந்தது, எதிர் சீட்டில் இருந்த கல்யாணப் பெண் எப்படித் தூங்கி வழிந்தாள் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். கை காய்ந்துபோகும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் வேறொரு புத்தகம். ஆனாலும் நேசையன் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினார். "போன மாசம் நான் சொன்னதுல ஒரு திருத்தம் உண்டு," என்றார். "இந்தப் புத்தகத்துல கூடுதல் பக்கம் உண்டு. தாராளமா உண்டு. எடிட்டர் தூங்கிட்டாரு. வேணும்ணா குன்னத்துகால்ல ஒரு டெய்லர் இருக்கு, அனுப்பி வைக்கலாம். ஆனா ஆளுங்க சொன்னதுல ஒண்ணும் மிகை இல்ல. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் தகும்."

"இருபத்திரண்டு வாசிச்சியளா?" என்று அம்மிணி விடாமல் கேட்டாள்.

"வாசிச்சேன்."

"பின்ன அதப் பற்றிச் சொல்லுங்க."

"அத இங்க சொல்லமாட்டேன்," என்றார் நேசையன். "வீட்டுல பேசியாச்சு."

கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஷீனா அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். ரோசிலியை எழுதியவரின் முதல் நாவலாம். வந்து பல வருடமாகியும் யாரும் எடுத்துப் போனதில்லையாம். நேசையன் அங்கேயே நின்று முதல் பக்கத்தை வாசித்தார். ஒரு உவமைகூட இல்லை. மழை பெய்தது என்று மட்டும் இருந்தது. பெயரெழுதி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிவிட்டு வெளியே வந்தபோது புத்தகம் மேசையில் இல்லை. சத்தியபாய் முன்னறை ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, அதில் பத்துப் பக்கம் தாண்டியிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"மிண்டாதிருங்க," என்றாள், தலையைத் தூக்காமல்.

நேசையன் அடுக்களைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தார்.